மரம் எதைத் தின்று வளர்கிறது?

மரஞ்செடிகளுக்கு ஆகாரம் எது என்று நம்மவரில் யாரை வினவினாலும், "மண்ணும் உரமும்" என்ற விடையே கிடைக்கும். தோட்டங்களில் வேலை பார்க்கும் நம்மிடையே இவ்வெண்ணம் உறுதிப்பட்டு நிற்பதில் வியப்பில்லை. மூட்டை மூட்டையாக உரம் வந்து இறங்குகிறது. இத்தனை மரத்திற்கு இத்தனை கிலோ எனக் கணக்கு எழுதப்படுகிறது. உரம் கண்ட மரம் செழிக்கிறது, காணாத மரம் வாடுகிறது. ஆகவே மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்பது கண்கூடாகக் கண்ட உண்மை போலவே தோன்றுகிறது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் தொடங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐரோப்பிய அறிஞர்களும் அவ்வாறே கருதி வந்தனர். வேரே செடியின் வாய், மண்ணே அதன் சோறு என்பது அவர்கள் முடிபு.

ஆயின் உண்மை அதுவன்று. ஒரு கட்டு விறகை எரித்துப் பாருங்கள். எஞ்சுவது ஒரு பிடி சாம்பல். மண் அவ்விறகிற்குக் கொடுத்தது ஏறக்குறைய அந்தச் சாம்பலளவே. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. அவ்விரண்டையும் பிணைத்து மரமாக்கியது சூரிய வெளிச்சம். இதற்கு ஒளிச்சேர்க்கை என்று இக்காலத்தார் பெயரிட்டு வழங்குகின்றனர். நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில் இவ்வளவும் ஒரே வரிச் சமன்பாடாகக் கரும்பலகையில் எழுதப்பட்டது. பரீட்சையில் அதனை அவ்வாறே எழுதியவர்க்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த ஒரு வரிக்காக முந்நூறு ஆண்டுக் காலம் உழைத்த மனிதர்களைப் பற்றி எவரும் நமக்கு ஒரு சொல் சொன்னதில்லை. அவர்கள் வரலாற்றை நம் தாய்மொழியில் சிறிது எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று பெல்ஜியம் என வழங்கும் நாட்டில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மோன்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். செடி மண்ணைத் தின்கிறது என்று நூலில் எழுதியிருப்பதை நம்புவதைவிட நிறுத்துப் பார்ப்பது மேல் என்று அவருக்குத் தோன்றிற்று. 200 ராத்தல் மண்ணை உலையிலிட்டு உலர்த்தி, ஒரு தொட்டியில் நிரப்பி, மழைநீரால் நனைத்து, 5 ராத்தல் எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். வெளித்தூசி மண்ணோடு கலவாதபடி தொட்டியின் வாயைத் துளைகளிட்ட இரும்புத் தகட்டால் மூடினார். மழைநீரும் காய்ச்சி வடித்த நீருமன்றி வேறொன்றும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் மரத்தைப் பெயர்த்து நிறுத்தார். 169 ராத்தலும் ஏறக்குறைய 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தார். 200 ராத்தலில் சுமார் 2 அவுன்சு மாத்திரமே குறைந்திருந்தது!

இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை ஒரு தராசினால் சாய்ந்தது என்க. கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்ற கிராணிமாருக்கு இப்பரிசோதனையைப் படிக்கையில் ஒருவகை மகிழ்ச்சி உண்டாகின்றது. தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவிருப்பு என்று ஒரு நல்ல கணக்குப் புத்தகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இது அமைந்துள்ளது. நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளைத் தாம் நிறுக்கவில்லை என்பதையுங்கூட அவர் மறையாது எழுதி வைத்தார். இருந்தும், 164 ராத்தல் மரமும் பட்டையும் வேரும் தண்ணீர் ஒன்றிலிருந்தே உண்டாயின என்று அவர் முடிவு கட்டியது தவறாயிற்று. ஒரு வரவு அவர் புத்தகத்தில் ஏறவேயில்லை. அது காற்று. பில் இல்லாமல் வந்து சேரும் சரக்கு பேரேட்டில் ஏறுவதில்லை என்பது நம் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த சங்கதிதான்.

இதில் விந்தை யாதெனில், அவருக்குத் தப்பிப்போன அந்த வாயுவை முதன்முதல் இனங்கண்டு எழுதியவரும் அவரே. 62 ராத்தல் கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பலே மிஞ்சுகிறது, மற்ற 61 ராத்தலும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆவியாகப் போகிறது என்று அவர் கண்டார். அதற்கென்று 'கேஸ்' என்ற சொல்லையும் படைத்தார். இன்று நம் அடுக்களைகளில் வழங்கும் 'கேஸ்' என்ற சொல் அந்த மருத்துவரின் மேசையிற் பிறந்ததே. கரியிலிருந்து போன அதே ஆவிதான் தம் தொட்டியிலிருந்த மரத்திற்குள் புகுந்து மறுபடி மரமாயிற்று என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய எழுத்துக்களில் சில திருச்சபைக்கு மாறானவை என்று சமய விசாரணை மன்றத்தார் குற்றஞ்சாட்டி, 1634-ம் வருடம் அவரைக் கைதுசெய்து பின்னர் வீட்டுக் காவலில் வைத்தனர். வில்லோ மரக் கணக்கு அடங்கிய நூல், அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1648-ல் அவர் மகனால் வெளியிடப்பட்டது.

இதன்பின் ஒரு நூற்றாண்டு அதிக முன்னேற்றமின்றிச் சென்றது. இங்கிலாந்தில் வுட்வர்டு என்பார் 1699-ல் புதினாச் செடியை மழைநீரிலும் ஆற்று நீரிலும் சாக்கடை நீரிலும் வளர்த்து, நீர் கலங்கலாக இருக்குமளவுக்குச் செடி செழிப்பதைக் காட்டினார். ஆதலால் மண்ணிலுள்ள உப்புக்களும் செடிக்கு வேண்டியனவே; நாம் போடும் உரம் வீணன்று. அது சோற்றுக்கு உப்புப் போன்றது, சோறன்று. 1727-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், இலைகளின் வழியே காற்றும் செடிக்கு உணவாகக் கூடும், ஒருகால் வெளிச்சமும் அதில் பங்கு கொள்ளக் கூடும் என்று எழுதினார். அது ஊகமாகவே நின்றுவிட்டது.

இனி, ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பெரியாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவரும் ஒரு பாதிரியார். ஆனால் அரசாங்கத் திருச்சபையை ஒப்புக்கொள்ளாத கூட்டத்தைச் சேர்ந்தவர். லீட்ஸ் நகரில் இவர் குடியிருந்த வீட்டருகே பீர் வடிக்கும் சாலை ஒன்றிருந்தது. தொட்டிகளில் நுரைக்கு மேலே தங்கி நின்ற வாயுவில் எரியும் குச்சியைப் பிடித்தால் அணைந்துவிடுவதைக் கண்டு, வாயுக்களைப் பற்றி ஆராயப் புகுந்தார். மூடிய கண்ணாடிப் பாத்திரத்துள் மெழுகுவத்தி எரிந்து அணைந்தபின் அக்காற்றில் மறுபடி வத்தி எரியாது. எலியை விட்டாலும் இறந்துவிடும். இவ்வாறே உலகத்தில் கோடானுகோடி அடுப்புக்கள் எரிகின்றன, கோடானுகோடி ஜீவராசிகள் மூச்சு விடுகின்றன. அங்ஙனமாயின் உலகத்துக் காற்று முழுதும் ஏன் இன்னும் கெட்டுப்போகவில்லை? இக்கேள்வியைக் கேட்டதே அவருடைய பெருமை என்று நாம் கருதுகிறோம். தினந்தோறும் கண்முன் நடப்பதைப் பற்றி ஏன் என்று கேட்பவர் எக்காலத்தும் சிலரே.

1771-ம் வருடம் ஆகஸ்டு மாதம் 17-ம் தேதி, வத்தி எரிந்து அணைந்த காற்றுள்ள பாத்திரத்தில் ஒரு புதினாத் தளிரை வைத்தார். அம்மாதம் 27-ம் தேதி அதே காற்றில் வேறொரு வத்தியைக் கொளுத்திப் பார்க்க, அது நன்றாக எரிந்தது. எலியும் உயிரோடிருந்தது. விலங்குகளும் நெருப்பும் கெடுத்த காற்றைச் செடிகள் திருத்துகின்றன என்பது இவ்வாறு முதன்முதல் வெளிப்பட்டது. அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளின் இதனை அறிந்து, இனியாவது வீட்டருகிலுள்ள மரங்களை வெட்டித் தள்ளும் வெறி சற்றுத் தணியும் என்று நம்புவதாகப் பிரீஸ்ட்லிக்கு எழுதினார். அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிரீஸ்ட்லி 1774-ல் பிராணவாயுவையும் தனியே பிரித்தெடுத்தார். அதற்கு நாடு அவருக்குக் கொடுத்த கைம்மாறு என்னவென்று பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார் என்பதற்காகவும், அரசாங்கச் சமயத்தை ஒப்பவில்லை என்பதற்காகவும், 1791-ம் வருடம் ஜூலை 14-ம் தேதி பர்மிங்காம் நகரில் ஒரு பெருங்கூட்டம் கிளம்பி, அவர் பிரசங்கம் செய்த கோவிலையும் வீட்டையும் தீக்கிரையாக்கிற்று. நூல்நிலையமும், சோதனைக் கருவிகளும், பல்லாண்டு எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. 1794-ல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய், 1804-ல் அங்கேயே காலமானார். அவர் கண்ட வாயுவுக்கு ஆக்ஸிஜன் என்று பெயரிட்டு அதன் இயல்பை விளக்கிய பிரான்ஸ் நாட்டு லவாய்சியர், அதே 1794-ம் வருடம் மே மாதத்தில், புரட்சிக்காரர் கையில் தலையிழந்தார். ஒருவர் புரட்சியை ஆதரித்ததற்காக வீடிழந்தார். மற்றவர் பழைய அரசாங்கத்திற்கு வரிவசூல் செய்தவர் என்பதற்காக உயிரிழந்தார். கும்பலின் வெறிக்குக் கட்சி ஒரு பொருட்டன்று.

பிரீஸ்ட்லியின் பரிசோதனையைப் பிறர் செய்து பார்த்தபொழுது சில தடவை பலித்தது, சில தடவை பலிக்கவில்லை. செடி காற்றைத் திருத்துவதற்குப் பதில் கெடுக்கவும் செய்தது. இம்மயக்கத்தைத் தீர்த்தவர் ஹாலந்து நாட்டில் பிறந்த இங்கென்ஹவுஸ் என்ற மருத்துவர். 1768-ல் வியன்னாவுக்குச் சென்று மேரியா தெரேசா அரசியின் குடும்பத்தாருக்கு அம்மைப்பால் குத்தி, அதற்காக ஆயுள் முழுதும் மானியம் பெற்றவர் இவர். அம்மானியம் இருந்தமையால் ஆராய்ச்சிக்கு ஓய்வும் இருந்தது. 1779-ம் வருடக் கோடையில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்து வீடொன்றில் தங்கி, மூன்று மாதங்களுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்து முடித்தார். நீரில் அமிழ்த்திய இலைகள் மீது வெயில் பட்டவுடன் குமிழிகள் எழுவதையும், நிழலில் வைத்தவுடன் நின்றுவிடுவதையும் கண்டார். செடியின் பச்சைப் பகுதிகளே காற்றைத் திருத்துகின்றன. வேரும் பூவும் கனியும் அதனைச் செய்வதில்லை. அதற்கு வேண்டியது சூரியனுடைய சூடன்று, வெளிச்சம். இருளில் செடியும் நம்மைப் போலவே மூச்சுவிட்டுக் காற்றைச் சிறிது கெடுக்கிறது என்பன அவர் கண்ட முடிபுகள்.

ஈண்டு ஒரு சிறு விலகல். புளியமரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அறையும் என்று நம் பாட்டன்மார் சொன்னார்கள். பேயை நம்பாத பேரர்களோ, இரவில் மரம் விடுகிற கரியமிலவாயு மனிதனைத் திணறடிக்கும், அதைத்தான் முன்னோர் பேயென்றனர் என்று 'விஞ்ஞான விளக்கம்' கூறுகின்றனர். இரண்டும் பொருந்தா. திறந்த வெளியில் ஒரு மரம் இரவில் விடும் கரியமிலவாயு மிகச் சொற்பம். காற்றில் உடனே கரைந்து போவது. ஒரே அறையில் நம்மோடு உறங்கும் மனிதர் அதைவிட நமக்கு அதிகம் கெடுதி செய்கிறார். இதுபோன்றதே அரசமரம் இரவும் பகலும் பிராணவாயு தருகிறது என்னும் கூற்றும். வெளிச்சமின்றி எந்த மரமும் பிராணவாயு தராது. கள்ளி, அன்னாசி போன்ற சில செடிகள் இரவில் கரியமிலவாயுவை உள்வாங்கிச் சேர்த்து வைப்பதுண்டு. அவையும் பிராணவாயுவை விடுவது பகலிலேதான். பழைய நம்பிக்கைக்குப் புதிய விஞ்ஞான உடுப்புத் தைத்துப் போடுவதைவிட இங்கென்ஹவுஸ் செய்ததுபோல் குமிழியை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஜினீவா நகரத்தார் இருவர் எஞ்சியதை நிறைவேற்றினர். செனபியர் என்பவர் 1782-ல், கரியமிலவாயு கரைந்துள்ள நீரில்தான் இலைகள் குமிழி விடுகின்றன, கொதிக்கவைத்து வாயு நீக்கிய நீரில் விடுவதில்லை என்று காட்டினார். தியடோர் சசூர் 1804-ல் வெளியிட்ட நூலில், செடியின் எடை உயர்வு அது உட்கொண்ட கரிச்சத்தின் எடையைவிட மிகுதியாயிருப்பதை நிறுத்துக் காட்டி, எஞ்சியது நீரே என நாட்டினார். வான் ஹெல்மோன்ட் தொடங்கிய கணக்கு இவ்வாறு 150 ஆண்டுகளுக்கு மேல் கடந்து நேராயிற்று. 1817-ல் பாரிஸ் நகரத்து மருந்து வல்லுநர் பெல்லெத்தியே, கவந்து என்ற இருவர் இலையின் பச்சைச் சாயத்தைத் தனியே பிரித்தனர். பச்சையம் என்று நாம் சொல்வது அதனையே. அவ்விருவரே 1820-ல் கொய்னாவைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள். மலாயாக் காடுகளை அழித்து ரப்பர் வைத்த நாளில் மலைக்காய்ச்சலிலிருந்து நம் மக்களிற் பலர் பிழைத்தது அம்மருந்தினால்.

எடைக்கணக்கு நேராயிற்று; ஆயினும் வெளிச்சத்திற்கு எடையில்லையே, அது எங்கே போயிற்று? இதற்கு விடை கண்டவர் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1840-ல் டச்சுக் கப்பலொன்றில் வைத்தியராக ஜாவாத் தீவுக்கு வந்தார். அக்கால வழக்கப்படி மாலுமிகளுக்குக் கைநரம்பைக் கீறி இரத்தம் எடுத்தபோது, குளிர்நாட்டில் கருஞ்சிவப்பாயிருக்கும் இரத்தம் இங்கே பளிச்சென்ற சிவப்பாயிருக்கக் கண்டு திகைத்தார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்க உணவைக் குறைவாக எரித்தால் போதும் போலும் என்று எண்ணத் தொடங்கிய அவர், சக்தி என்பது உருமாறுமேயன்றி அழியாது என்னும் பெருந்தத்துவத்தில் போய் நின்றார். 1845-ல், இலை சூரிய வெளிச்சத்தைப் பிடித்து உணவினுள் சேமித்து வைக்கிறது என்று எழுதினார். அரிவாள் வீசும் கையின் வலிமை சோற்றிலிருந்து வந்தது. சோற்றிலிருந்தது நெற்பயிரின் இலையில் விழுந்த வெயில். சிங்கத்தின் பாய்ச்சலும், நிலக்கரியின் நெருப்பும், லாரியில் ஊற்றும் எண்ணெயும் அதே வெயிலின் வேறு உருவங்களே.

ஜாக்ஸ் என்பார் 1860-களில், இலையின் ஒரு பாதியை மூடி மறுபாதியை வெயிலில் விட்டு, பின் அயோடின் பூசி, வெயில் பட்ட பாதி மட்டும் மாவுச்சத்தினால் கருநீலமாவதைக் காட்டினார். ஏங்கல்மான் 1882-ல் சிவப்பும் நீலமுமான கதிர்களே இலைக்கு அதிகம் பயன்படுகின்றன என்று கண்டார். பச்சைக் கதிரில் ஒரு பகுதியை இலை ஏற்காது திருப்பிவிடுவதனால்தான் நம் கண்ணுக்கு அது பச்சையாகத் தெரிகிறது. வங்காளத்து ஜகதீச சந்திர போஸ் அவர்களும் நீர்ச்செடி விடும் குமிழிகளைத் தாமே பதிவு செய்யும் கருவியொன்றை இயற்றி, இப்பொருள் பற்றி 1924-ல் ஒரு தனி நூல் வெளியிட்டார்.

இலை ஒன்றின் சாவினால் மனிதருக்கு நேரும் கேட்டினை அறிய விரும்புவோர் இலங்கையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1869-ல் அந்நாட்டுக் காப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சணம். இலையின் அடிப்புறத்திலுள்ள சிறு துளைகளின் வழியாகவே இலைக்குக் கரியமிலவாயு போகிறது. அத்துளைகளின் வழியாகவே அப்பூஞ்சணமும் உட்புகுந்தது. இலைகள் காலத்திற்கு முன் உதிர்ந்தன. வேர் இருந்தது, மண் இருந்தது, உரம் இருந்தது, மழை இருந்தது. இலை இல்லாமையால் காய் பிடிக்கவில்லை. முதலாளிமார் உரத்தை மேன்மேலும் கொட்டிப் பார்த்தனர். மார்ஷல் வார்டு என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1880-ல் வந்து இரண்டாண்டு தங்கி நோயின் தன்மையைத் தெளிவாக எழுதினார். ஆயினும் மலைமலையாக ஒரே பயிரை நெருக்கி வைத்துவிட்டபின் காற்றில் பறக்கும் தூளை யாரால் தடுக்க முடியும்? இருபது ஆண்டுக்குள் காப்பித் தொழில் வீழ்ந்தது. தோட்டங்கள் ஏலத்திற்கு வந்தன. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகவும் தோணியேறியும் போன நம் மக்களிற் பலர் கூலி பாக்கியோடு வெறுங்கையராய் ஊர் திரும்பினர். காப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. நொடித்த துரைமாரில் சிலர் மலாயாவுக்கு வந்து மறுபடி காப்பியும், பின்னர் ரப்பரும் வைத்தனர். நம் குடிகள் இங்கு வந்து சேர்ந்த வரலாற்றில் அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் ஓர் இடம் உண்டு.

ரப்பர் மரத்திலும் இதே உண்மையைக் காணலாம. பட்டையிலிருந்து வடியும் பால், இலை சமைத்த சர்க்கரை பட்டைக்கு இறங்கி வந்து அங்கே உருமாறியதே. ஆண்டின் முற்பகுதியில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் வாரங்களில் பால் சுருங்கிப்போவதும், வெட்டுக்காரரின் சம்பளம் அதனோடு சுருங்குவதும், செக்ரோல் எழுதுவோர் ஆண்டுதோறும் காணும் காட்சி. அம்மாதங்களில் ஆள் சோம்பினார் என்று பேசும் மேலாளர்களும் இருந்ததுண்டு. சோம்பியது ஆளன்று, சமைப்பதற்கு மரத்தில் இலையில்லை.

இலையினுள் நடப்பதென்ன என்பதைச் சுருங்கச் சொல்வோம். பச்சையம் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. அந்த வலிமையால் வேர் அனுப்பிய நீர் பிளக்கப்படுகிறது. நீரிலிருந்த பிராணவாயு வெளியே போகிறது. மற்றப் பங்கு, காற்றிலிருந்து வந்த கரியமிலவாயுவோடு பல படிகளில் சேர்ந்து சர்க்கரையாகிறது. வெளிவரும் பிராணவாயு கரியமிலவாயுவைப் பிளந்ததனால் வருவது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். வான் நீல் என்பவர் 1931-ல், கந்தகத்தில் வாழும் சில நுண்ணுயிர்கள் நீருக்குப் பதிலாகக் கந்தக வாயுவைப் பிளந்து, பிராணவாயுவுக்குப் பதிலாகக் கந்தகத்தை வெளிவிடுவதைக் காட்டி, நாம் சுவாசிக்கும் பிராணவாயு நீரிலிருந்தே வருகிறதென்று கூறினார். 1941-ல் கலிபோர்னியாவில் ரூபன், காமென் முதலியோர் எடை மிகுந்த பிராணவாயு சேர்ந்த நீரைப் பயன்படுத்தி இதனை மெய்ப்பித்தனர்.

இந்த ரூபனும் காமெனும் 1940 பிப்ரவரியில் கதிர்வீசும் கரி ஒன்றையும் கண்டுபிடித்திருந்தனர். அதனைச் செடிக்கு ஊட்டினால், கரி இலையினுள் எந்தெந்தப் படியில் ஏறுகிறதென்று அடையாளங் காணலாம். யுத்தம் குறுக்கிட்டது. 1943-ல், யுத்தத்திற்கான நச்சுவாயு ஆராய்ச்சியில் நேர்ந்த விபத்தில், ரூபன் 29 வயதில் மாண்டார். அவர் விட்ட வேலையை யுத்தம் முடிந்தபின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் மெல்வின் கால்வினும் ஆண்ட்ரூ பென்சனும் ஜேம்ஸ் பாஷமும் எடுத்துக்கொண்டனர். பாசியை ஒரு தட்டையான கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, கதிர்வீசும் கரியமிலவாயுவைச் செலுத்தி, சில விநாடிகளிலேயே கொதிக்கும் சாராயத்தில் வீழ்த்திக் கொன்று, அதன் சாற்றைக் காகிதத்தில் ஊறவிட்டுப் பிரித்தனர். இவ்வாறு பத்தாண்டு உழைத்துக் கரி சுற்றிவரும் வட்டம் முழுவதையும் வரைந்தனர். 1961-ம் வருடத்து நோபெல் பரிசு கால்வின் ஒருவருக்கே கிடைத்தது. பரிசோதனைகளிற் பெரும்பங்கை வகுத்துச் செய்த பென்சன் 1954-லேயே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. அவ்வட்டத்திற்கு மூவர் பெயரையும் சேர்த்து வழங்குவோர் இப்பொழுது பெருகியிருப்பது சிறிது ஆறுதல். உழைத்தவர் பெயர் பேரேட்டில் ஏறாமற் போவது தோட்டங்களில் மாத்திரம் நடப்பதன்று.

இவ்வேலை பூமியில் செய்திருக்கும் மாறுதலோ அளவிடற்கரியது. ஆதியில் காற்றில் பிராணவாயு இல்லை. நீரைப் பிளக்கக் கற்ற நுண்ணுயிர்கள் கடலில் விட்ட பிராணவாயு சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் தங்கத் தொடங்கிற்று. இன்று அது நூற்றுக்கு 21 பங்கு. இன்றும் உலகத்து ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களால் நடக்கின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இலைகள் காற்றிலிருந்து எடுத்துப் புதைத்து வைத்த கரியைத்தான் நாம் நிலக்கரி என்றும் பெட்ரோல் என்றும் தோண்டி எரிக்கிறோம். ஆலைத் தொழில் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்திற்கு 280 பங்கு இருந்த கரியமிலவாயு இப்போது 420-க்கு மேற்பட்டுவிட்டது. வாயு மிகுந்தால் செடிக்கு நல்லதுதானே என்று சிலர் வாதிக்கின்றனர். உணவு மிகலாம்; உடன் வரும் வெப்பத்தையும் வறட்சியையும் செடி தாங்க வேண்டுமே.

இலையும் குறையற்றதன்று. கரியமிலவாயுவைப் பிடித்துக் கொடுக்கும் ரூபிஸ்கோ என்ற புரதம் மிக மந்தமானது. விநாடிக்குச் சில தடவையே வேலை செய்வது. சில வேளை கரியமிலவாயு என்று மயங்கிப் பிராணவாயுவைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இம்மயக்கமும் ஏறும். நெல், ரப்பர், செம்பனை யாவும் இந்நட்டத்திற்கு உட்பட்டவை. ஆனால் கரும்புக்கு வேறொரு வழி உண்டென்று ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டத்து ஆராய்ச்சியாளர் சிலர் கண்டு 1965-ல் வெளியிட்டனர். மறு ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் அதனைத் துலக்கினர். கரும்பு கரியமிலவாயுவை முதலில் வேறொரு புரதத்தால் பிடித்து, நான்கு கரி கொண்ட அமிலமாக்கி, இலையின் உள்ளறைகளுக்கு அனுப்பி, அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றி அவ்வாயுவை நெருக்கி நிறைக்கிறது. ஆதலின் மயக்கத்திற்கு இடமில்லை. கொடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் அது விளைகிறது.

கரும்பு மாத்திரமன்று. சோளமும் கம்பும் கேழ்வரகும் தினையும் இவ்வழியைக் கைக்கொண்டவையே. நெல்லுக்கு நீர் கிடையாத வானம் பார்த்த பூமியில் நம் முன்னோர் அவற்றைத் தேர்ந்து விதைத்தனர். இங்கே வந்தபின் அரிசிச் சோறே மரியாதை என்று அவற்றை மறந்தோம். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் பல நாட்டு அறிஞரும் கேழ்வரகின் அவ்வித்தையை நெல்லுக்குக் கற்பிக்கப் பல ஆண்டுகளாக முயன்று வருகின்றனர். அதற்கு இலையின் உள்ளறைகளையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. சில உறுப்புக்களை நெல்லில் புகுத்தி இயங்கச் செய்திருக்கின்றனர். முழு வழியும் இன்னும் கைகூடவில்லை.